கறுப்பைக் கெடுத்தது யார், தெரியுமா?

பிரான்சு நாட்டு அரசாங்க நெசவாலை ஒன்றில் கறுப்பு நூல் பெரிய பஞ்சாயத்தையே கிளப்பியிருக்கிறது, தெரியுமா? பாரிசில் கோபலின் என்ற அந்த ஆலை சித்திரத் திரைகளுக்குப் பேர்போனது. நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவே நிழலாக வைத்த கறுப்பு எடுப்பாக இல்லை, வெளுத்துப்போன மாதிரி தெரிகிறது, சாயம் சரியில்லை என்று புகார்! 1824-இல் அங்கே சாயப் பிரிவுக்குத் தலைவராக வந்தவர் மிஷேல் யூஜேன் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். வேறு ஆலைகளின் கறுப்பு நூலை வரவழைத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கோபலின் கறுப்பு ஒரு மாற்றும் குறையவில்லை! பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் அதைக் கெடுத்திருந்தன. எந்த நிறமும் தனக்கு நேர் எதிரான நிறத்தின் சாயலைப் பக்கத்து நிறத்தின் மேல் லேசாக ஏற்றிக் காட்டும். நீலத்தை ஒட்டிய கறுப்பு அதனால்தான் பழுப்பேறித் தெரிந்தது.

இதை 1839-இல் பெரிய நூலாகவே எழுதிவிட்டார். 102 வயது வரை வாழ்ந்த மனிதர். அவர் வரைந்த வண்ணச் சக்கரத்தில் 72 பிரிவுகள். ஈஃபில் கோபுரத்தில் பொறித்த அறிஞர் பெயர்களும் 72, அதில் அவர் பெயரும் ஒன்று! தற்செயல்தான், ஆனாலும் எப்படி அமைந்திருக்கிறது பாருங்கள்.

கடையில் அள்ளிக்கொள்ளத் தோன்றிய உல்லன் வீட்டுக்கு வந்து இன்னொரு நிறத்தோடு சேர்ந்ததும் ஏன் சோபை இழக்கிறது என்று இப்போது புரிகிறதா? ஒரே சாம்பல் நூலை இரண்டு சதுரமாகப் பின்னி, ஒன்றுக்குச் சிவப்பு ஓரமும் மற்றொன்றுக்குப் பச்சை ஓரமும் கட்டிப் பாருங்கள். சிவப்புக்குள் இருக்கும் சாம்பலில் பச்சை வாடை அடிக்கும், பச்சைக்குள் இருப்பதில் ரோஜா நிறம் தட்டும். நூல் என்னவோ ஒரே உருண்டைதான்!

சேராத இரண்டு நிறங்களை என்ன செய்வது? நடுவில் வெள்ளையைக் கொடு என்கிறார் ஷெவ்ரல். அதைப் பார்க்கப் பாரிசு வரை போகவேண்டாம். புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய தெருக்களில் ஒரு நடை போனால் போதும். மாம்பழ மஞ்சள் சுவர், மேலே கொட்டிக் கிடக்கும் கருஞ்சிவப்புக் காகிதப்பூ. இரண்டும் அடித்துக்கொள்ள வேண்டிய நிறங்கள். சன்னலைச் சுற்றியும் சுவர் ஓரத்திலும் ஓடும் வெள்ளைப் பட்டைதான் சண்டையை விலக்குகிறது. (அந்தக் காகிதப்பூவில் நிறமாக இருப்பது பூவே இல்லை, இலை! உள்ளே குச்சி மாதிரி சின்னதாக இருப்பதுதான் பூ.) நாலு தெரு தள்ளி ஆசிரமக் கட்டடங்களோ வெறும் சாம்பலும் வெள்ளையும். குழந்தைக்குப் போர்வை பின்னுகிறவர்கள் முதல் தெருவைப் பார்த்துக்கொள்ளலாம்; மாமனாருக்கு மப்ளர் என்றால் இரண்டாவது.

இதைவிடப் பெரிய ஆச்சரியம் புதுச்சேரி நீலத்தில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 'கினே' என்று அழைத்த, அவுரிச் சாயம் ஏற்றிய கருநீலப் பருத்தித் துணி இந்த ஊரிலிருந்து கப்பல் ஏறி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரைக்குப் போனது, தெரியுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே அது உடுத்தும் துணி மட்டுமில்லை, பணமும் அதுதான்! பாலைவன ஓரத்து வியாபாரிகள் துணியை வாங்கிக்கொண்டு வேலம் பிசினைக் கொடுத்தார்கள். அந்தப் பிசின் பிரான்சுக்குப் போய் என்ன ஆனது? துணியில் அச்சடிக்கும்போது சாயம் பரவாமல் இருக்க அதைக் கெட்டியாக்கப் பயன்பட்டது. ஆக, நம்மூர் நீலத்தை விலையாகக் கொடுத்துத்தான் பிரான்சு தன் துணிப் பூக்களுக்கு நிறம் ஏற்றியது!

ரூவான் நகர ஆலைக்காரர்கள் இதே துணியைப் போலியாகச் செய்து அனுப்பிப் பார்த்தார்கள். பாலைவனத்துக்காரர்களிடம் பலிக்கவில்லை. தொட்டுப் பார்த்தார்கள், முகர்ந்து பார்த்தார்கள், வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். உண்மையான அவுரித் துணிக்கு ஒரு வாசனையும் மினுமினுப்பும் உண்டு. அதைவிட, நீலம் உடம்பில் ஒட்டவேண்டும் அவர்களுக்கு! நம் வீட்டில் சாயம் போனால் கடைக்காரரோடு சண்டைக்குப் போவோம். அங்கே சாயம் தோலில் ஏறினால்தான் மதிப்பு. சகாராவின் 'நீல மனிதர்கள்' என்ற பேச்சு வந்ததே இப்படித்தான். நூலும் துணியும் அதன் பிறகும் இந்த ஊரை விடவில்லை: முதலியார்பேட்டையில் 1898-இல் தொடங்கிய ரோடியர் மில்தான் பின்னாளில் ஏ.எஃப்.டி. மில் ஆனது. அதற்கெல்லாம் வெகு முந்தியே இங்கே சாயத் தொழில் இருந்திருக்கலாம்: ஊருக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-இல் தோண்டிய தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர், அங்கே கிடைத்த செங்கல் தொட்டிகள் துணிச் சாயத் தொட்டிகள் என்று கருதினார்.

அவுரி நீலம் தொட்டிக்குள் நீலமாகவே இருக்காது, இது தெரியுமா? அது தண்ணீரில் கரையாத பொருள். சுண்ணாம்பும் தகரை விதையும் சேர்த்துப் புளிக்கவைத்தால்தான் கரையும், அப்போது தொட்டி மஞ்சளும் பச்சையுமாக இருக்கும். முக்கி எடுத்த நூலும் முதலில் பச்சைதான். காற்றுப் பட்டதும் உங்கள் கண்ணெதிரே நீலமாக மாறும்! கருநீலம் வேண்டுமா, திரும்பத் திரும்ப முக்கவேண்டும். ஒரே தொட்டியில் ஒரு முக்கு, மூன்று முக்கு, ஏழு முக்கு என்று நிறுத்தினால் வானத்திலிருந்து நடுக்கடல் வரை நீல வரிசை கிடைத்துவிடும். என்னைக் கேட்டால், முதன்முதலாக நிறம் சேர்க்கிறவர்களுக்கு இதைவிடப் பத்திரமான வழி கிடையாது: ஒரே நிறத்தில் மூன்று அழுத்தம், கூடவே ஒரு வெள்ளை.

அழுத்தம் என்றதும் நினைவுக்கு வருகிறது, உங்கள் கைப்பேசி ஒரு மாயக்கண்ணாடி! தேர்ந்தெடுத்த நூல் உருண்டைகளை வரிசையாக வைத்துப் படம் எடுத்து, அதைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றுங்கள். கண்ணுக்கு வேறு வேறாகப் பளிச்சிட்ட சிவப்பும் பச்சையும் ஒரே அழுத்தமாக இருந்தால், படத்தில் ஒரே சாம்பலாகக் கிடக்கும்! அப்படியானால் அந்த இரண்டையும் வைத்துப் பூவேலை போட்டால் நாலடி தள்ளி நின்று பார்க்கிறவருக்குப் பூ தெரியாது, குழப்பம்தான் தெரியும். ஒன்றை வெளிறியதாக மாற்றுங்கள்.

நம் நெசவாளர்களோ நிறங்களைக் கண்ணுக்குள்ளேயே கலக்கத் தெரிந்தவர்கள். மயில் கழுத்து நிறப் பட்டு என்கிறோமே, அதில் மயில் கழுத்து நிற நூல் ஒன்றுகூட இருக்க வேண்டியதில்லை! பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், அசைந்தால் மாறும். குரோஷாவில் பாவேது, ஊடையேது? கவலை வேண்டாம், மெல்லிய நூல் இரண்டைச் சேர்த்துப் பிடித்து ஒரே ஊசியால் பின்னுங்கள். நீலமும் பச்சையும் சேர்ந்து மயிலாகும். அரக்கும் மஞ்சளும் சேர்ந்தால் சுட்ட செங்கல்.

சிவப்பையும் வெள்ளையையும் சேர்க்கப் போகிறீர்களா? முதலில் சிவப்பு நூலில் ஒரு முழம் வெட்டி, ஈர வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு ராத்திரி வையுங்கள். துணி ரோஸானால் அந்த நூல் வெள்ளைக்குப் பக்கத்தில் போகவே கூடாது. பாலைவனத்துக்காரர்களுக்கு வேண்டுமானால் பிடிக்கலாம். கடையில் லேபிளைத் திருப்பி லாட் நம்பரையும் பாருங்கள். ஒரே கம்பெனி, ஒரே நிற எண், ஆனால் லாட் வேறாக இருந்தால் நிறமும் ஒரு நூலிழை வேறாகத்தான் இருக்கும். சால்வை பாதியில் கோடு கிழித்த மாதிரி காட்டிக்கொடுத்துவிடும். வேறு லாட்தான் கிடைத்தது என்றால் இரண்டு உருண்டைகளையும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னிவிடுங்கள், ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது!