உப்பு போகும் வழியில் நீரும் போகும்



ஒரு வெள்ளரிப் பிஞ்சை வட்ட வட்டமாக நறுக்கித் தட்டில் பரப்புங்கள். அதன்மேல் கொஞ்சம் உப்பைத் தூவி வையுங்கள். சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் தட்டில் நீர் தேங்கியிருக்கும். நீங்கள் ஒரு சொட்டு நீரும் ஊற்றவில்லை. வெள்ளரியின் செல்களுக்குள் இருந்த நீர்தான், வெளியே இருக்கும் உப்பை நாடி வந்துவிட்டது. இதைத்தான் சவ்வூடு பரவல் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள்.

உப்பு எந்தப் பக்கம் மிகுதியோ, அந்தப் பக்கம் நீர் போகும். இந்த ஒரு விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காலரா மனிதனை எப்படிக் கொல்கிறது, அதிலிருந்து எப்படிப் பிழைப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் இதிலேயே விடை இருக்கிறது.

கிருமி தெரிந்தது, வழி தெரியவில்லை

காலராவை நம் ஊர்களில் வாந்திபேதி என்பார்கள். அரிசி களைந்த கழுநீர் போல வயிற்றுப்போக்கு ஓயாமல் போகும். கடுமையாகக் கண்டவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் நீர்கூட வெளியேறிவிடும். கண்கள் குழிவிழும், தோல் சுருங்கும், நாடி தளரும். காலையில் நன்றாக இருந்தவர் அன்றிரவுக்குள் இறந்துவிடுவதும் உண்டு.

இந்நோயை உண்டாக்கும் பாக்டீரியாவை ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் காக் 1884ல் கல்கத்தாவில் நோயாளிகளின் குடலிலும், ஒரு குளத்து நீரிலும் கண்டார். காற்புள்ளியைப் போல் வளைந்த உடல்; நீந்துவதற்கு ஒற்றை வால்; நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் 500ல் ஒரு பங்கு. அசுத்தமான நீர், உணவு மூலம் இது வயிற்றுக்குள் போகிறது. பெரும்பாலானவை இரைப்பையின் அமிலத்தில் மடிகின்றன. தப்பியவை சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு பெருகுகின்றன.

ஆனால், இவ்வளவு சிறிய உயிர் எப்படி ஒரு மனிதனை இத்தனை விரைவில் கொல்கிறது? குடற்சுவரை அரித்து விடுகிறதா? இரத்தத்தில் கலந்து நஞ்சாக்குகிறதா? பல பத்தாண்டுகள் இதற்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. வளர்ந்த முயலுக்கோ எலிக்கோ கிருமியை ஊட்டினால், மனிதனுக்கு வருவது போன்ற காலரா வருவதில்லை. பிறகு எப்படி ஆராய்வது?

முயலின் குடலில் ஒரு சோதனை

இந்த முடிச்சை அவிழ்த்தவர் வங்காளத்து மருத்துவ அறிஞர் சம்பு நாத் தே. கிருமியை முயலின் வாய்வழியே கொடுக்காமல், நேரே குடலுக்குள் வைத்தால் என்ன என்று அவர் எண்ணினார். மயக்கமருந்து கொடுத்த முயலின் சிறுகுடலில் ஒரு சிறு பகுதியை, இரத்த ஓட்டம் தடைப்படாமல், இரு முனைகளிலும் நூலால் கட்டினார். அந்தப் பைக்குள் காலராக் கிருமிகளை ஊசிவழியே செலுத்தினார். மறுநாள் பார்த்தால் அந்தப் பகுதி நீரால் புடைத்திருந்தது! கிருமி செலுத்தாத பகுதி வழக்கம்போலவே இருந்தது. இந்தச் சோதனை வெளியான ஆண்டு 1953.

அடுத்து அவர் செய்தது இன்னும் நுட்பமானது. கிருமிகள் வளர்ந்த திரவத்தை வடிகட்டி, ஒரு கிருமிகூட இல்லாத தெளிந்த நீரை மட்டும் குடலுக்குள் செலுத்தினார். அப்போதும் குடல் நீரால் புடைத்தது. அப்படியானால், குற்றவாளி கிருமியின் உடல் அல்ல. அது வெளியே கக்கும் ஒரு நஞ்சு! இது 1959ல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. பெரிய கருவிகள் ஏதும் இல்லை. நூலும் ஊசியும் வடிகட்டியும் ஒரு நல்ல கேள்வியும் போதுமானவையாக இருந்தன.

திறந்தே கிடக்கும் மடை

அந்த நஞ்சு என்ன செய்கிறது? நாம் குடிக்கும் நீரும், உடல் சுரக்கும் செரிமான நீர்களுமாக நாள்தோறும் சுமார் 8 முதல் 9 லிட்டர் நீர் குடலுக்குள் வருகிறது. அதில் பெரும்பகுதியைக் குடல் மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. கொஞ்சம் சுரப்பது, நிறைய உறிஞ்சுவது: இதுதான் ஆரோக்கியமான குடலின் கணக்கு.

காலரா நஞ்சு ஆறு துண்டுகளாலான புரதம். ஐந்து துண்டுகள் குடல் செல்லின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்ள, ஆறாவது உள்ளே நுழைகிறது. அங்கே சுரப்பைக் கட்டுப்படுத்தும் சுவிட்சை, அணைக்க முடியாதபடி போட்ட நிலையிலேயே நிறுத்திவிடுகிறது. உடனே செல் குளோரைடு அயனிகளைக் குடலுக்குள் கொட்டத் தொடங்குகிறது. சோடியம் அயனிகள் பின்தொடர்கின்றன. இரண்டும் சேர்ந்தால் உப்பு அல்லவா? உப்பு போன வழியில் நீரும் போகிறது. உங்கள் வெள்ளரித் தட்டில் நடந்ததுதான் இங்கும் நடக்கிறது.

குடற்சுவர் அரிக்கப்படுவதில்லை, செல்கள் சிதைவதில்லை. மடை மட்டும் திறந்தே கிடக்கிறது. நோயாளி இறப்பது நீரும் உப்பும் இழந்ததால்தான். கிருமிக்கு இதில் என்ன லாபம் என்கிறீர்களா? கோடிக்கணக்கில் பெருகிய அதன் சந்ததி, அந்த வெள்ளத்தோடு வெளியேறி அடுத்த குளத்தை அடைந்துவிடுகிறது.

மூடாத இன்னொரு கதவு

வெறும் நீரைக் குடித்தால் போதாதா? போதாது. நீரை உள்ளே இழுக்க உப்பு உள்ளே போக வேண்டும். காலராவில் உப்பு உள்ளே போகும் வழக்கமான பாதைகளுள் ஒன்று அடைபட்டுப்போகிறது. ஆனால் குடல் செல்லில் இன்னொரு கதவு உண்டு. குளுகோஸ் சர்க்கரையும் சோடியமும் ஜோடியாக வந்தால்தான் அது திறக்கும். இப்படி ஒரு கதவு இருக்கிறது என்று 1960ல் எடுத்துரைத்தவர் அமெரிக்க உயிர்வேதியியல் அறிஞர் ராபர்ட் கிரேன். காலரா நஞ்சு இந்தக் கதவைத் தொடுவதில்லை!

அப்படியானால் உப்பையும் சர்க்கரையையும் நீரில் கரைத்துக் கொடுத்தால்? 1968ல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் காஷ் என்ற மருத்துவர்கள் காலரா நோயாளிகளுக்கு அப்படியே கொடுத்து, அது பலன் தருவதைக் காட்டினார்கள்.

பெரும் சோதனை 1971ல் வந்தது. வங்கதேசப் போரின்போது அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்தனர். மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. அதை ஏற்றப் பயிற்சி பெற்றவர்களும் போதவில்லை. அங்கே பணியாற்றிய டாக்டர் திலீப் மகாலானபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கலந்து, பீப்பாய்களில் நிரப்பி வைத்தார். தாயும் தமக்கையும் குவளையில் பிடித்து நோயாளிகளுக்குப் புகட்டினார்கள். நூற்றுக்கு 30 வரை இருந்த சாவு, 4க்கும் கீழே இறங்கியது.

இன்று மருந்துக் கடைகளில் ஓ.ஆர்.எஸ். என்று விற்கும் பொட்டலம் இந்தக் கரைசலின் திருத்திய வடிவமே.

நீங்கள் செய்யக்கூடியது

வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு நீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று சில வீடுகளில் தடுத்துவிடுவார்கள். இது உயிருக்கே ஆபத்தான தவறு என்று இப்போது உங்களால் காரணத்தோடு சொல்ல முடியும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். அளவைக் கூட்டாதீர்கள். உப்போ சர்க்கரையோ மிகுந்தால் நீர் எந்தப் பக்கம் போகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் நல்லதே. அதிலுள்ள மாவுப்பொருள் குடலில் குளுகோஸாக மாறுகிறது.

எல்லாக் குடற்கிருமிகளும் காலராவைப் போன்றவை அல்ல. சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா, குடல் செல்களுக்குள் புகுந்து அவற்றை அழிக்கிறது. ஆகவே மலத்தில் இரத்தம் கண்டாலோ, நோயாளி சோர்ந்து கிடந்தாலோ, குடித்ததெல்லாம் வாந்தியாகப் போனாலோ தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். வழியெல்லாம் கரைசலைப் புகட்டிக்கொண்டே செல்லுங்கள்.

1961ல் இந்தோனேசியாவில் தொடங்கிய ஏழாவது உலகக் காலராப் பரவல் இன்னும் முற்றிலும் ஓயவில்லை. தூய குடிநீரும் கழிப்பிடமும் இல்லாத இடங்களில் அது மீண்டும் மீண்டும் தலைதூக்குகிறது. கிருமியை நீரிலேயே தடுப்பது அரசுக்கும் ஊருக்கும் உரிய பெரிய வேலை. அதுவரை, ஒரு குவளையும் ஒரு கரண்டியும் சரியான அளவும் உங்கள் கையில் இருக்கின்றன. அந்த அளவை இன்றே வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள்.