மிச்ச மாத்திரையை மறைக்காதீர்கள்

ஜொகூரில் நம்மவர் வீடுகள் பலவற்றில், பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தால் அரசாங்க மருந்துப் பொட்டலங்கள்தாம் இருக்கும். 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. அரசு கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டினால் பரிசோதனையோடு மருந்தும் கிடைக்கிறது. மீதி விலையைப் பொதுப்பணம் கட்டுகிறது.

டின்னில் இவை ஏன் சேர்கின்றன? இனிப்புநீருக்கான மெட்பார்மின் மாத்திரை வயிற்றைக் கலக்கியது என்று பாட்டி தானாகவே பாதியாகக் குறைத்திருப்பார். டாக்டர் திட்டுவாரோ என்ற பயத்தில், 'எல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்' என்று சொல்லிவிட்டு அடுத்த தவணையையும் முழுசாக வாங்கி வருவார். இரத்தத்தில் சர்க்கரை இறங்கவில்லையே என்று டாக்டர் அளவைக் கூட்டுவார், ஊசியும் சேர்ப்பார். பிறகு மகள் வந்து எல்லாவற்றையும் நேரம் தவறாமல் கொடுக்கத் தொடங்கினால் சர்க்கரை மளமளவென்று இறங்கி, பாட்டி மயங்கி விழவும் கூடும். எனக்குக் காசு விரயத்தைவிட இந்தப் பொய்தான் பெரிய கவலை.

சுகாதார அமைச்சு 2010-இல் மருந்துகளைத் திருப்பி ஒப்படைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. வேண்டாத மருந்தையும் காலாவதியானதையும் அரசு மருத்துவமனை, கிளினிக் மருந்தகக் கவுண்டரில் கொடுத்துவிடலாம். 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிகளில் நச்சுத்தன்மையுள்ள மருந்துக் கழிவுக்குத் தனிக் குறியீடே உண்டு: எஸ்.டபிள்யூ. 403. உரிமம் பெற்றவர்கள்தாம் அதை அப்புறப்படுத்த முடியும்.

பிரிக்காத அட்டையை இன்னொரு ஏழைக்குக் கொடுக்கக்கூடாதா என்று பலர் மனம் நொந்து கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த அட்டை மதிய வெயிலில் காருக்குள் எத்தனை மணி நேரம் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. 2004 சுனாமிக்குப் பிறகு, இந்தோனேசியாவின் ஆச்சேயில் சுமார் 4,000 டன் மருந்து வந்து குவிந்தது. பெரும்பகுதி அங்கே யாராலும் படிக்க முடியாத மொழிகளில், கணிசமானது காலாவதி. அதை அழிப்பதே தனிச் சுமையானது. வீடுகளில் திரட்டிய மருந்தை வெளிநாட்டு ஏழைகளுக்கு அனுப்பி வந்த பிரான்சும் 2008-இல் அதை நிறுத்திக்கொண்டது.

மறுபயன்பாட்டுக்கு நேர்வழி ஒன்று உண்டு. அடுத்த தவணைக்குப் போகும்போது உங்கள் மிச்சத்தையே கையோடு கொண்டுபோங்கள். மருந்தாளர் எண்ணிப் பார்த்துக் குறைவதை மட்டும் கொடுப்பார். ஏன் மிஞ்சியது என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். வயிற்றுக்கு ஒத்துவராத மாத்திரைக்கு மாற்று உண்டு.

குப்பையிலும் கழிவறையிலும் கொட்ட வேண்டாம். கழிவுநீர் நிலையங்கள் மருந்துப் பொருள்களை முழுதாக வடிகட்டுவதில்லை. பாசிர் கூடாங்கில் 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கொட்டிய இரசாயனக் கழிவால் 111 பள்ளிகள் மூடப்பட்டன. மாத்திரை அந்த அளவு நஞ்சல்ல. ஆனாலும் ஆற்றில் எதைச் சேர்க்கிறோம் என்று நாம் கேட்டாக வேண்டும்.

மாத்திரையை அட்டையிலிருந்து உதிர்க்காமல், லேபிளோடு கொண்டுபோங்கள். இன்சுலின் ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு மூடி, எங்கே ஒப்படைப்பது என்று கிளினிக்கில் கேளுங்கள். புற்றுநோயாளி இறந்த வீட்டில் வலியைத் தணிக்கும் மார்பின் திரவம் மிஞ்சியிருந்தால் பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சில மில்லிலிட்டர் போதும், ஒரு குழந்தையின் மூச்சை நிறுத்த. அதை முதலில் திருப்பிக் கொடுங்கள்.