உங்களுக்குத் தெரியுமா? ஸ்பையர் பேராலயத்தின் கற்கிண்ணம்

ஜெர்மனி தேசத்தில், ரைன் நதிக்கரையை அடுத்த ஸ்பையர் நகரில், ஏறக்குறைய 1030-ஆம் ஆண்டில் சக்கரவர்த்தி இரண்டாம் கொன்ராட் ஆரம்பித்து, 1061-இல், அவருடைய பேரர் நான்காம் ஹென்றியின் காலத்தில் பிரதிஷ்டை பெற்ற ரோமானஸ்க் பேராலயத்தைத் தரிசிக்கச் செல்வோர், அதன் கம்பீரமான கோபுரங்களிலேயே மனம் லயித்து, வாசலுக்கு எதிரே விளங்கும் பெரிய கற்கிண்ணத்தைப் பாராது போய்விடலாகாது. மேற்றிராணியாரின் அதிகாரத்துக்கு உட்பட்ட பூமிக்கும் நகரத்தாரின் பூமிக்கும் முற்காலத்தில் எல்லையாக நின்ற அக்கிண்ணத்தில், புதிய மேற்றிராணியார் பட்டமேற்கும் நாளில், சுமார் 1,580 லிட்டர் திராட்சை மதுவை நிரப்பி, ஜனங்கள் யாவருக்கும் வழங்குவது பூர்வீக சம்பிரதாயம். எல்லைக்குறி ஒன்றையே விருந்துக்குரிய பாத்திரமாக்கிய அந்த வழக்கம் மிகவும் அழகானது! ஆலயத்தின் நிலவறையை அடுத்து, சக்கரவர்த்திகளும் அரசர்களுமாக எண்மர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.