ஒரே ஆட்டத்தோடு முடியும் பருவம்

நாக்-அவுட் முறையில் 16 அணிகள் மோதினால் மொத்தம் எத்தனை ஆட்டங்கள்? ஒன்பதாம் வகுப்பில் இதைக் கேட்டால் பிள்ளைகள் 8, 4, 2, 1 என்று கூட்டி 15 என்பார்கள். ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணி வெளியேறுகிறது, சாம்பியனைத் தவிர 15 அணிகள் வெளியேற வேண்டும், ஆகவே 15 என்று எப்போதாவது ஒரு பிள்ளை சொல்லும். அழகான விடைதான். ஆனால் அதற்குள் இன்னொரு எண் இருக்கிறது. அந்த 16 அணிகளில் 8 அணிகள் ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டு வீடு திரும்புகின்றன.

நான் கணித ஆசிரியை. எங்கள் பள்ளியின் பெண்கள் கால்பந்து அணியோடு குறுவட்டப் போட்டிகளுக்குத் துணையாகச் சென்று வருகிறேன். அணியில் பாதிப் பேரின் தாய்மார்கள் விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள். காய் எடுக்கும் மாதங்களில் வீட்டு வேலை முழுவதும் இந்தப் பெண்களின் தலையில்தான். அப்படியும் ஜூன் தொடங்கி மாலைதோறும் பயிற்சிக்கு வந்தார்கள். முதல் ஆட்டத்தில் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். பூட்ஸைக் கழற்றியபடி ஒருத்தி, "டீச்சர், இனி அடுத்த வருஷந்தானா?" என்றாள். அவள் பன்னிரண்டாம் வகுப்பு. அவளுக்கு அடுத்த வருடம் பள்ளியில் இல்லை.

கல்லூரிக்குப் போனால் நிலைமை மாறுமா? எங்கள் ஊர் சி.பி.ஏ. கல்லூரி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. இப்படி ஒரு சிற்றூர்க் கல்லூரியின் அணி முதலில் பல்கலைக்கழகத்துக்கு உட்பட்ட கல்லூரிகளுக்கிடையேயான போட்டியில் ஆட வேண்டும். அங்கே திறமை காட்டுகிறவர்கள் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி, தென்மண்டலப் போட்டிக்குப் போகலாம். மண்டலப் போட்டிகளில் பெரும்பாலும் 'நாக்-அவுட் கம் லீக்' முறைதான். முதலில் நாக்-அவுட், கடைசியில் மிஞ்சும் நான்கு அணிகளுக்கு மட்டும் லீக். அதாவது, ஏற்கெனவே பல ஆட்டங்கள் ஆடியவர்களுக்கே மேலும் மூன்று ஆட்டங்கள். சிறிய அணிக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.

நடத்துகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. 16 அணிகளும் ஒன்றோடொன்று மோதினால் 16 × 15 ÷ 2 = 120 ஆட்டங்கள். மைதானம், நடுவர், பேருந்துச் செலவு, பாடவேளை எதுவும் தாங்காது. இடைப்பட்ட வழி ஒன்று உண்டு. நான்கு நான்காகப் பிரித்து லீக் நடத்தினால் 24 ஆட்டங்கள், அரையிறுதி இரண்டு, இறுதி ஒன்று, ஆக 27. எந்த அணியும் மூன்று ஆட்டம் ஆடாமல் திரும்பாது.

நம் பக்கத்து மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் அணியைப் பாருங்கள். 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இந்தியன் விமன்ஸ் லீக்கில் 12 அணிகள், ஆறு ஆறாக இரு பிரிவுகள். ஒவ்வொரு அணிக்கும் ஐந்து ஆட்டங்கள் உறுதி. சேது இறுதியில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று கோப்பையோடு திரும்பியது. அப்படியும் சாம்பியனின் பருவம் ஏழே ஆட்டங்கள், மூன்று வாரத்துக்குள் முடிந்துவிட்டது. 2023-24-இல்தான் அந்த லீக் உள்ளூர், வெளியூர் என இருமுறை மோதும் முறைக்கு மாறியது. ஏழு அணிகள், அணிக்கு 12 ஆட்டங்கள். ஆட்டம் கூடினால்தான் ஒரு வீராங்கனை தோற்றுவிட்டு மறுவாரம் திருத்திக்கொண்டு வர முடியும். பயிற்சி சொல்லித்தராத பலவற்றை அந்த மறுவார ஆட்டம் சொல்லித்தரும்.

லீக் அட்டவணை போடுவது எளிது, வகுப்பிலேயே செய்யலாம். ஆறு அணிகளை இரு வரிசையாக எழுதுங்கள். மேலே 1, 2, 3. கீழே 6, 5, 4. எதிரெதிரே இருப்பவை மோதும். அடுத்த சுற்றுக்கு 1-ஐ அசைக்காமல் மற்ற ஐந்தையும் கடிகாரத் திசையில் ஓரிடம் நகர்த்துங்கள். ஐந்து சுற்றில் 15 ஆட்டங்களும் வந்துவிடும், ஒரு ஜோடிகூடத் திரும்ப வராது. அணிகள் ஒற்றைப்படையாக இருந்தால் 'ஓய்வு' என்று ஓர் அணியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு எதிரே வரும் அணிக்கு அந்தச் சுற்றில் ஆட்டமில்லை. வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1, பிறகு கோல் வித்தியாசம். முழுக்களைக் கற்பிக்க இதைவிடச் சுவையான அட்டவணை எனக்குக் கிடைத்ததில்லை. -4 என்றால் என்ன என்பது கோல் காப்பாளருக்கு உடனே புரிகிறது!

இந்த ஆண்டு அக்கம்பக்கத்து நான்கு பள்ளிகள் சேர்ந்து ஒரு சிறு லீக் நடத்தப் பேசியிருக்கிறோம். பக்கத்துக்கு ஏழு பேர், அரைமணி நேர ஆட்டம், மொத்தம் ஆறு ஆட்டங்கள். ஒரே மைதானம் என்றால் மூன்று மணி நேரம். ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான்கு அணிகளின் லீக்கில், எப்படி அடுக்கினாலும், ஒரு சுற்றின் கடைசி ஆட்டத்தை ஆடிய இரண்டு அணிகளில் ஒன்று அடுத்த சுற்றின் முதல் ஆட்டத்திலும் வந்து நிற்கும். நானும் தாளில் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்துவிட்டேன், தப்ப வழியில்லை. ஆகவே சுற்றுகளுக்கு இடையே கால் மணி நேரம் ஓய்வு விட்டால் மூன்றரை மணி நேரம் ஆகும்.

காலை எட்டரைக்குத் தொடங்கினால் நண்பகலில் முடியும். மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்கு அதன்பின் பேருந்து கிடைக்கும். நாள் மட்டும் ஞாயிறாக இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அன்றைக்குத்தான் அம்மாவும் வந்து பார்க்க முடியுமாம்.