72 ஓட்டில் ராபின் செத்த கதை தெரியுமா?

ஓட்டுப் போட்டு ஒரு கதாநாயகனைக் கொன்றிருக்கிறார்கள், தெரியுமா? 1988-ல் வந்த பேட்மேன் கதை அது. ஜோக்கர், ராபினை அடித்து நொறுக்கி, வெடிகுண்டு வைத்த கிடங்கில் போட்டுவிட்டுப் போகிறான். பையன் பிழைப்பானா, மாட்டானா? டிசி நிறுவனம் இரண்டு தொலைபேசி எண்களை அச்சிட்டு, முடிவை வாசகர்கள் கையில் கொடுத்துவிட்டது! ஒரு அழைப்புக்கு 50 சென்ட். சாகட்டும் என்று 5,343 அழைப்புகள், பிழைக்கட்டும் என்று 5,271. வெறும் 72 ஓட்டில், ராபினாக இருந்த ஜேசன் டாட் செத்துப்போனான்!

அப்படியானால் இந்தக் கதையிலிருந்தே தொடங்கலாமா? வேண்டாம். அந்தப் பையனோடு பழகியவர்களுக்குத்தான் அந்தச் சாவு வலிக்கும். சினிமா பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வருகிறவர்கள் மிரள்வதும் இங்கேதான். 1938-ல் சூப்பர்மேனோடு தொடங்கிய கதைக்கடலில் எந்தக் கரையில் இறங்குவது? கவலையே வேண்டாம். முன்கதை எதுவும் தெரியாமல் எடுத்து, அதே புத்தகத்தில் படித்து முடித்துவிடக்கூடிய அற்புதங்கள் இருக்கின்றன.

முதலில் 'பேட்மேன்: இயர் ஒன்' (1987). பிராங்க் மில்லர் எழுத்து, டேவிட் மசூகெல்லி ஓவியம். பேட்மேன் கதை என்று பேர், ஆனால் பாதிப் புத்தகம் ஜிம் கார்டன் என்ற போலீஸ்காரருடையது, தெரியுமா? கோத்தம் நகரத்துக்கு ஒரே நாளில் இருவர் வருகிறார்கள். பேட்மேனாகப் போகிற பணக்கார புரூஸ் விமானத்தில், கார்டன் ரயிலில். ஊழல் மலிந்த காவல்துறையில் நேர்மையாக இருக்கப் பார்க்கும் அந்த மனிதர்தான் மனதில் தங்குகிறார். இதே மில்லர் அதற்கு முந்தைய வருடம் தந்த 'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' கதையில் பேட்மேனுக்கு வயது 55, ராபின் 13 வயதுச் சிறுமி!

ஒரே ஒரு புத்தகம் சொல் என்றால் நான் சொல்வது 'ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்'. 2005 முதல் 2008 வரை 12 இதழ்களாக வந்தது. கிராண்ட் மாரிசன் எழுத்து, பிராங்க் குவைட்லி ஓவியம். சூப்பர்மேன் பிறந்த கதை முழுவதையும் முதல் பக்கத்தின் நான்கே கட்டங்களில், ஆங்கிலத்தில் எட்டே வார்த்தைகளில் முடித்துவிடுகிறார்கள்! சூரியனுக்கு மிக அருகில் போய்வந்ததால் அவன் உடம்பு தாங்காத அளவு சக்தியை உறிஞ்சிவிட்டது. இப்போது அவன் பலம் பெருகிக்கொண்டே போகிறது, ஆயுள் குறைந்துகொண்டே வருகிறது. மிச்சமிருக்கும் நாட்களில் என்ன செய்வான்? உலகைக் காக்கும் பெரிய வேலைகளுக்கு நடுவே பத்தாவது அத்தியாயத்தில் ஒரே ஒரு பக்கம் வருகிறது. உயரமான கட்டடத்தின் விளிம்பில் குதிக்கத் துணிந்து ஒரு பெண் நிற்கிறாள். பின்னால் வந்து நிற்கிறான் சூப்பர்மேன். சண்டையில்லை, பறக்கும் சாகசம் இல்லை. அவளுடைய டாக்டர் வராமல் போனதற்குக் காரணம் உண்மையானது என்று மெதுவாகச் சொல்கிறான். அவள் திரும்புகிறாள், அணைத்துக்கொள்கிறான். அவ்வளவுதான். சாகப்போகிறவன் வந்து சாகத் துணிந்தவளைத் தாங்கிப் பிடிக்கிற அந்தப் பக்கத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அலெக்ஸ் ராஸ் வண்ணத்தில் தீட்டிய 'கிங்டம் கம்' (1996) கதையைச் சொல்லும் பாதிரியாருக்கு முகம் கொடுத்தவர் ராஸின் சொந்த அப்பா, அவரும் பாதிரியார்தான்! வீட்டில் பதின்வயதுப் பெண் இருந்தால் 2014-ல் தொடங்கிய 'மிஸ் மார்வெல்' வாங்கிக் கொடுங்கள். நாயகி கமலா கான், நியூ ஜெர்சியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண். அவள் சூப்பர் ஹீரோ உடுப்பை எதில் தைத்தாள் தெரியுமா? புர்கினி நீச்சல் உடையில்! இதன் முதல் தொகுப்புக்கு 2015-ல் ஹ்யூகோ விருது கிடைத்தது.

'வாட்ச்மென்' (1986-87) எங்கே என்கிறீர்களா? அதைக் கொஞ்சம் தள்ளிப் படியுங்கள். சூப்பர் ஹீரோக்களை நேசித்துப் பழகிய பிறகு படித்தால்தான் ஆலன் மூர் எழுப்பும் கேள்விகள் ஆழமாகக் குத்தும். டேவ் கிப்பன்ஸ் பெரும்பாலான பக்கங்களை ஒன்பது கட்டங்களாகவே பிரித்து வரைந்தார். ஐந்தாவது அத்தியாயத்தின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் கட்டத்துக்குக் கட்டம் பொருந்தும்! இரண்டாம் பக்கத்துக்குக் கடைசிக்கு முந்தைய பக்கம் என்று அத்தியாயம் முழுக்க இப்படியே மடிந்து, நடுவில் ஒரு சண்டைக் காட்சியில் வந்து சேர்கிறது. இன்னொன்று, அந்த உலகத்து மக்கள் படிக்கும் காமிக்ஸ் எல்லாம் கடற்கொள்ளையர் கதைகள்! தெருவிலேயே முகமூடி வீரர்கள் திரியும்போது அவர்களைப் பற்றிய கதை எதற்கு?

இதெல்லாம் நமக்கு அந்நியமா? லயன் காமிக்ஸில் ஸ்பைடர் படித்து வளர்ந்தவர்கள் கேளுங்கள். வலைத் துப்பாக்கியோடு வரும் அந்தக் குற்றச் சக்கரவர்த்தியின் கதைகளில் பலவற்றை 1960-களில் பிரிட்டிஷ் வார இதழுக்கு எழுதியவர் ஜெர்ரி சீகல். ஆமாம், ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கி, 130 டாலருக்கு உரிமையை விற்றுவிட்ட அதே சீகல்! சூப்பர்மேனின் தந்தை எழுதிய கதைகளைத்தான் சிவகாசி அச்சில் நாம் படித்தோம்.

1972-ல் முத்து காமிக்ஸ் நமக்கு அறிமுகப்படுத்திய இரும்புக்கை மாயாவி? மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்குமே, அவரேதான். 'வாட்ச்மென்' எழுதிய ஆலன் மூர் கதையமைத்து, அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதிய 'ஆல்பியன்' (2005-06) புத்தகத்தில் மாயாவியும் வருகிறார், ஸ்பைடரும் வருகிறார்! மறக்கப்பட்ட பழைய பிரிட்டிஷ் நாயகர்கள் அடைத்து வைக்கப்பட்டிருக்கும் கதை அது. அமெரிக்க வாசகர் பலருக்கு அந்த முகங்கள் புதிது. முத்து, லயன் படித்தவர்களுக்கோ அந்த இரும்புக் கை தெரிந்ததுமே ஆள் யாரென்று புரிந்துவிடும்.