ஆய்வுக் கட்டுரைக்கு ஆதாரம் எங்கே?
கல்லூரி மாணவர்கள் நூலகத்தைப் பயன்படுத்தும் முறை



மூவாரைச் சேர்ந்த ஒரு மாணவி தம் இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு, கொள்ளுத்தாத்தா பால்மரம் சீவிய தோட்டத்தையே தலைப்பாக எடுத்துக்கொண்டார். 1930ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் சம்பளம் குறைந்தது, பலர் கப்பலேறி ஊர் திரும்பினார்கள் என்று வீட்டில் கேட்டதை அப்படியே எழுதினார். விரிவுரைஞர் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுதித் திருப்பிக் கொடுத்தார்: "ஆதாரம் எங்கே?"

மாணவிக்கு மனம் உடைந்துவிட்டது. வீட்டில் சொன்னது பொய்யா? இல்லை, உண்மைதான். ஆனால், உண்மையாக இருப்பது வேறு. அதைப் பிறர் சரிபார்க்கும்படி நிலைநாட்டுவது வேறு. அந்த இரண்டாவது வேலைக்குத்தான் நூலகம் வேண்டும். நூலகம் என்றால் தேர்வுக்கு அமர்ந்து படிக்கும் குளிரூட்டப்பட்ட அறை என்று நம் பிள்ளைகளில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் கேள்வியைச் சுருக்க வேண்டும். 'மலேசிய இந்தியர் வரலாறு' என்பது ஆய்வுத் தலைப்பு ஆகாது. அது ஒரு கடல். 'உலகப் பொருளாதார வீழ்ச்சியின்போது மூவார் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களின் சம்பளம் என்ன ஆனது?' என்று காலம், இடம், பொருள் மூன்றையும் வரையறுத்தால் தேடல் எளிதாகும்.

அடுத்து, நூற்பட்டியல். பல நூலகங்கள் டியூவி தசம முறையில் நூல்களை அடுக்குகின்றன. மலேசிய வரலாறு 959.5 என்ற எண்ணில் இருக்கும். தொழிலாளர் பற்றிய நூல்கள் 331இல் இருக்கும். தமிழ் இலக்கியமோ 894.811இல் இருக்கும். தோட்ட வாழ்க்கை என்ற ஒரே பொருள் இந்த மூன்று அடுக்குகளிலும் சிதறிக் கிடக்கும். ஓர் அடுக்கை மட்டும் பார்த்துவிட்டு "புத்தகமே இல்லை" என்று திரும்பிவிடக் கூடாது. நூலகரிடம் கேளுங்கள். வழிகாட்டுவது அவருடைய பணி. கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

மூன்றாவது, ஒரு நல்ல நூலைப் பிடித்து அதன் அடிக்குறிப்புகள் வழியே நடக்க வேண்டும். கெர்னியல் சிங் சந்து 1969இல் வெளியிட்ட மலாயா இந்தியர் பற்றிய நூலும், சின்னப்பா அரசரத்தினம் 1970இல் வெளியிட்ட மலேசிய, சிங்கப்பூர் இந்தியர் பற்றிய நூலும் இத்துறையில் நல்ல தொடக்கங்கள். அவற்றின் பின்பக்கங்களைப் புரட்டினால், அக்காலத் தொழிலாளர் இலாகாவின் ஆண்டறிக்கைகளும், மலாயாவில் இருந்த இந்திய அரசாங்கப் பிரதிநிதியின் ஆண்டறிக்கைகளும் தெரியவரும். சம்பளக் கணக்கு, ஊர் திருப்பி அனுப்பப்பட்டோர் கணக்கு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. இவைதாம் மூல ஆதாரங்கள்.

இவற்றுக்கு எங்கே போவது? மூவார் மாவட்டத்தில் பாகோ உயர்கல்வி மையத்தில், அங்குள்ள கல்விக்கூடங்களுக்கெனப் பொது நூலகமே இருக்கிறது. அங்கு இல்லாத நூலை, நூலகங்களுக்கு இடையிலான இரவல் முறையில் வரவழைக்க முடியுமா என்று உங்கள் கல்லூரி நூலகரிடம் கேட்கலாம். தமிழ் நூல்களுக்கு, 1956இல் தோன்றிய இந்திய ஆய்வியல் துறையைக் கொண்ட மலாயாப் பல்கலைக்கழகத்தின் நூலகம் இருக்கிறது. அரசாங்கக் கோப்புகளுக்குத் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் உள்ளிட்ட பழைய நாளிதழ்கள் பலவற்றைச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. வீட்டிலிருந்தே தேடலாம்.

தேடும்போது பெயர்களில் கவனம் வேண்டும். மூவார் நகருக்குப் பண்டார் மகாராணி என்ற பெயரும் உண்டு. பழைய ஆங்கில இதழ்களில் ஜொகூர் என்ற பெயரின் இறுதியில் கூடுதலாக ஓர் 'இ' எழுத்து இருக்கும். இன்று தனி மாவட்டமாக இருக்கும் தங்காக், முன்பு மூவார் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. இன்றைய பெயரை மட்டும் தட்டிப் பார்த்தால் பாதி ஆதாரம் கண்ணில் படாமலே போய்விடும்.

இனி, எழுதும் முறை. குறிப்பெடுக்கும்போதே ஆசிரியர் பெயர், நூற்பெயர், ஆண்டு, பக்க எண் நான்கையும் எழுதிவிடுங்கள். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால், ஆய்வேட்டை ஒப்படைக்கும் முதல் நாள் இரவில் அந்தப் பக்கம் அகப்படாது. நூலின் வாசகத்தை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறிக்குள் இடுங்கள். சொற்களை மாற்றி எழுதினாலும் கருத்து அவருடையது. அதற்கும் பெயர் சொல்ல வேண்டும். சொல்லாமல் விடுவது கருத்துத் திருட்டு.

இன்று செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நொடியில் கட்டுரையே தயாராகிவிடுகிறது. ஆனால், அது சில வேளைகளில் இல்லாத நூலுக்கும் பெயர் சூட்டி, பக்க எண்ணும் கொடுத்துவிடும். எனவே, அது சொல்லும் எந்த நூலையும் நூற்பட்டியலில் தேடி, கையில் எடுத்துப் பார்க்காமல் எழுதாதீர்கள்.

அப்படியானால் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதற்கு மதிப்பே இல்லையா என்று கேட்பீர்கள். நிறைய உண்டு. அவர்கள் பேசுவதை அனுமதி பெற்று ஒலிப்பதிவு செய்து, பேசியவர், நாள், இடம் ஆகியவற்றைக் குறித்து வைத்தால் அதுவும் ஆதாரமே. அறிக்கையில் எண்ணிக்கை மட்டும் இருக்கும்; கப்பலேறியவரின் கண்ணீர் வீட்டுப் பேச்சில்தான் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதே நல்ல ஆய்வு.

அந்த மாணவி அப்படித்தான் ஆய்வேட்டைத் திருத்தி எழுதினார். வீட்டில் கேட்ட அதே செய்திதான். இம்முறை அதன்கீழ் அடிக்குறிப்புகள் இருந்தன.

பெற்றோர்களே, பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் இடிந்துவிட்டன. அங்கே வாழ்ந்தவர்களும் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள். நம் பிள்ளைகள் ஆதாரத்தோடு எழுதிவைக்காவிட்டால், நாளை யாரும் நம்மிடம் கேட்கப்போவது அந்த விரிவுரைஞர் கேட்ட கேள்வியைத்தான். பதில் சொல்ல அப்போது நம்மிடம் ஆள் இருக்காது. வரும் விடுமுறையில் பிள்ளைகளை நூலகத்துக்கு அனுப்புங்கள்.