காகாபோ: இரவில் நடமாடும் கிளி

நியூசிலாந்தின் பூர்வகுடிகளாகிய மாவோரியரின் மொழியில் ‘காகா’ என்பது கிளியையும் ‘போ’ என்பது இரவையும் குறிக்கும். இவ்விரு சொற்களும் இணைந்து ‘காகாபோ’ என்னும் காரணப்பெயர் பிறந்தது. உலகக் கிளிகளுள் மிகுந்த எடையுடையது இதுவே. பறக்க இயலாத கிளியும் இது ஒன்றே. ஆண் பறவை 4 கிலோகிராம் வரை எடை கொள்ளும்.

இப்பறவை பறத்தலைத் துறந்ததற்குத் தக்க காரணம் உண்டு. நியூசிலாந்துக் காடுகளில் வௌவால்களைத் தவிர வேறு பாலூட்டிகள் நெடுங்காலம் இருந்ததில்லை. தரையில் அஞ்சத்தக்க விலங்கு இல்லாதவிடத்துப் பறத்தல் வீண் செலவாகும். ஆகவே, பறக்கும் தசைகளைத் தாங்கும் மார்பெலும்பின் முகடு நாளடைவில் குன்றியது. சிறகுகளோ, மரமேறும்போது சமநிலை பேணவும் கீழே குதிக்கும்போது வேகத்தைத் தணிக்கவும் மட்டுமே பயன்படலாயின.

அக்காலத்தில் காகாபோவின் பகைவர் கழுகும் வல்லூறும் போன்ற, கண்ணால் இரைதேடும் பறவைகளே. அவற்றிடமிருந்து தப்பப் பாசி படர்ந்த நிறமும், ஆபத்தை உணர்ந்தவுடன் அசையாது நிற்கும் இயல்பும் போதுமானவையாக இருந்தன. மனிதரோடு பூனை, எலி, கீரியையொத்த ஸ்டோட் ஆகியவை வந்துசேர்ந்தபோது நிலைமை தலைகீழானது. இவை மோப்பத்தால் வேட்டையாடுபவை. காகாபோவின் உடலிலோ இனிய நறுமணம் கமழும். முன்பு காத்த அசையாமையே இப்போது உயிரைப் பறித்தது.

இதன் இனப்பெருக்கமும் மிக மெதுவானது. ரிமு முதலிய மரங்கள் மிகுதியாகக் காய்க்கும் பருவத்தில்தான், அதாவது 2 முதல் 4 ஆண்டுகளுக்கு ஒருமுறையே, இவை இணைசேரும். ஆண் பறவை குன்றின்மேல் கிண்ணம் போன்ற குழியைப் பறித்து, அதிலமர்ந்து மார்பிலுள்ள காற்றுப்பையை ஊதி, முழவொலியைப் போன்ற தாழ்ந்த ஒலியை எழுப்பும். அவ்வொலி சில கிலோமீட்டர் தொலைவுவரை கேட்கும். இரவுதோறும், மாதக்கணக்கில் இவ்வழைப்பு தொடரும். இணைசேர்ந்தபின் ஆணுக்கு வேறு பொறுப்பில்லை. ஏறத்தாழ 30 நாள் அடைகாப்பதும் குஞ்சுகளை ஊட்டி வளர்ப்பதும் தாய் ஒன்றின் கடமையே. இரைதேட அது வெளியே செல்லும் நேரங்களில் கூடு காவலின்றிக் கிடக்கும்.

இப்பறவையைக் காக்கும் முயற்சி 1894ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. ரிச்சர்ட் ஹென்றி என்பார் சில நூறு பறவைகளை ரெசல்யூஷன் தீவுக்குக் கொண்டுசேர்த்தார். சில ஆண்டுகளிலேயே ஸ்டோட் கடலை நீந்திக் கடந்து அத்தீவை அடைந்தது. அவருடைய உழைப்பு வீணாயிற்று. 1977இல் ஸ்டூவர்ட் தீவில் மற்றுமொரு கூட்டம் கண்டறியப்பட்டபோது, அங்கும் பூனைகள் அவற்றைக் கொன்றுகொண்டிருந்தன. எஞ்சியவை பகைவிலங்குகளற்ற சிறு தீவுகளுக்கு மாற்றப்பட்டன. 1995இல் உயிரோடிருந்தவை 51 மட்டுமே.

அதன்பின் ஒவ்வொரு பறவைக்கும் பெயரும் வானொலி அலைபரப்பியும் அளிக்கப்பட்டன. கூடுகள் இரவுமுழுதும் கண்காணிக்கப்பட்டன. கூடுதல் உணவு பெற்றுக் கொழுத்த தாய்கள் ஆண் குஞ்சுகளையே மிகுதியாக ஈன்றதை ஆய்வாளர் கண்டனர். பெண் பறவைகள் அரிதாக இருந்த அந்நிலையில் இது பெருங்கேடாகும். ஆகவே, தாயின் எடைக்கேற்ப உணவை அளந்து கொடுத்து அக்குறையைச் சீர்செய்தனர். 2022இல் எண்ணிக்கை 252ஐ எட்டியது.

எனினும் இடர் நீங்கிவிடவில்லை. இன்றுள்ளவை யாவும் ஒருசில பறவைகளின் வழிவந்தவை. மரபணு வேறுபாடு குறைவு. இடப்படும் முட்டைகளுள் பல கருவுறுவதில்லை. நோய் பரவினால் தாங்கும் ஆற்றலும் குறைவு. பகைவிலங்குகள் கால்வைக்காத தீவுகளும் மிகச் சிலவே. ஆகையால், எண்ணிக்கை பெருகப்பெருக, பாதுகாப்பான வாழிடத்தைத் தேடும் பணியும் உடன் பெருகுகிறது. பெருநிலத்தில் வேலியிடப்பட்ட காடொன்றில் 2023இல் சில ஆண் பறவைகளை விட்டுப் பார்த்தது அத்தேடலின் ஒரு படியாகும்.